எம்.பி.ஏ. படிப்புக்கு நிலத்தை விற்கலாமா?

விவசாயக் குடும்பங்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள் உள்ள விவசாயக் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழும் கேள்வி, அடுத்து எம்.பி.ஏ. படிக்க வைப்பதா என்பது. மகனோ மகளோ பி.எஸ்சி. விவசாயம், பி.காம்., எஞ்சினியரிங் என்று ஏதோ ஒரு பட்டம் வாங்கி வந்து நிற்கிறார்கள். மேலும் இரண்டு ஆண்டு படித்தால் நல்ல சம்பளம் கிடைக்கும் என்கிறார்கள். கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டதும் தகப்பனாரின் நினைப்பு முதலில் நிலத்தின் மேல்தான் போகிறது. ஒரு போகம் பொய்த்துப் போனால் அடுத்த போகத்தில் சரிக்கட்டலாம். விற்ற நிலம் திரும்பி வருவதில்லை. ஆகையால் முன்பணம் வாங்குவதற்கு முன், இந்தப் படிப்பு என்ன, எங்கே படிக்கலாம், என்ன செலவாகும், படித்தபின் பிள்ளை எங்கே போய் நிற்பான் என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம்.

படிப்பு என்பது என்ன?

எம்.பி.ஏ. என்பது வணிக நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம். எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம். பெரும்பாலும் இரண்டு ஆண்டுப் படிப்பு. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1908-ம் ஆண்டு இந்தப் பட்டத்துக்கான படிப்பைத் தொடங்கியது. அதே ஹார்வர்டில் ஜான் டேவிஸ், ரே கோல்ட்பர்க் என்ற இருவர் 1957-ம் ஆண்டு ஒரு நூல் எழுதினார்கள். விதை, உரம், கருவி விற்பவர்கள், பயிர் செய்கிற விவசாயி, விளைபொருளைப் பக்குவம் செய்பவர், கடையில் விற்பவர் ஆகிய எல்லோரையும் ஒரே சங்கிலியாகப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ‘அக்ரி பிசினஸ்’ அதாவது வேளாண் வணிகம் என்ற சொல் இவர்களால்தான் பரவியது.

இந்தியாவில் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் 1961-ம் ஆண்டு இந்திய நிர்வாகவியல் கழகங்கள், அதாவது ஐ.ஐ.எம்.கள், நிறுவப்பட்டன. ஆமதாபாத் கழகம் ஹார்வர்டின் ஒத்துழைப்போடு வளர்ந்தது. அங்கே விவசாய நிர்வாகத்துக்கென்று 1960-களிலேயே தனிப் பிரிவு ஏற்பட்டது. 2000-ம் ஆண்டு முதல் வேளாண் வணிகத்துக்கென்றே இரண்டு ஆண்டுப் படிப்பும் நடந்து வருகிறது.

வகுப்பு நடக்கும் முறை மற்றப் படிப்புகளிலிருந்து மாறுபட்டது. ஒரு நிறுவனத்துக்கு உண்மையில் வந்த சிக்கலை, வரவு செலவுக் கணக்குகளோடு எழுதி மாணவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். ‘இந்த இடத்தில் நீ இருந்தால் என்ன முடிவு எடுப்பாய்?’ என்று ஆசிரியர் கேட்பார். ஒவ்வொருவரும் தம் முடிவையும் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதை மறுத்துப் பேசுவார்கள். இந்த வருஷம் கரும்பு போடலாமா, வாழை போடலாமா என்று டீக்கடை பெஞ்சில் நடக்கும் விவாதத்தைப் போன்றதுதான் இது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே ஒவ்வொரு வாதத்துக்கும் எண் சொல்லியாக வேண்டும்.

வயலுக்குப் பொருந்தும் பாடங்கள்

கணக்கு வைத்தல், விற்பனை, பணத்தைக் கையாளுதல், ஆட்களை நிர்வகித்தல், உற்பத்தித் திட்டம், புள்ளியியல் ஆகியவை முக்கியமான பாடங்கள். பெயர்கள் பெரிதாக இருந்தாலும் விஷயம் விவசாயிக்குப் புதிதல்ல. இரண்டு உதாரணங்களைப் பார்க்கலாம். இவற்றில் உள்ள எண்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டுமே.

முதலாவது, அடக்கவிலை. ஒரு ஏக்கர் நெல் சாகுபடிக்கு உழவு, விதை, நடவுக் கூலி, உரம், மருந்து, அறுவடை என்று கையை விட்டுப் போன பணம் ரூ.28,000 என்று வைத்துக்கொள்வோம். மகசூல் 20 குவிண்டால். குவிண்டால் ரூ.2,300 வீதம் விற்றால் வரவு ரூ.46,000. ஆகவே லாபம் ரூ.18,000 என்று விவசாயி நினைக்கிறார். ஆனால் அவரும் மனைவியும் சேர்ந்து 30 ஆள் நாள் வயலில் உழைத்திருக்கிறார்கள். வேறொருவர் வயலுக்குப் போயிருந்தால் நாளுக்கு ரூ.500 வீதம் ரூ.15,000 கிடைத்திருக்கும். அதையும் சேர்த்தால் செலவு ரூ.43,000, லாபம் ரூ.3,000-மாகச் சுருங்கிவிடுகிறது. அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் ரூ.8,000 வந்திருக்கும் என்றால், அதையும் சேர்த்துச் செலவு ரூ.51,000. இப்போது கணக்கில் ரூ.5,000 நஷ்டம்.

ஒரே வயல், ஒரே விளைச்சல். ஆனால் மூன்று விதமான விடைகள். மத்திய அரசின் விவசாயச் செலவு மற்றும் விலைக் கமிஷனும் இதுபோல மூன்று விதமாகத்தான் செலவைக் கணக்கிடுகிறது. கைச்செலவு மட்டும் உள்ளது ஏ-2. அதோடு குடும்ப உழைப்பைச் சேர்ப்பது இரண்டாவது கணக்கு. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பு, சொந்த முதலீட்டின் வட்டி ஆகியவற்றையும் சேர்ப்பது சி-2. குறைந்தபட்ச ஆதரவு விலை, 2018-19 முதல் இரண்டாவது கணக்கைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்கும்படி நிர்ணயிக்கப்படுகிறது. சி-2 அடிப்படையில் வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்பதன் பொருள், மேலே சொன்ன மூன்று விடைகளைப் பார்த்தாலே விளங்கும்.

இரண்டாவது, இருப்பு வைத்து விற்பது. ஒரு விவசாயியிடம் 10 குவிண்டால் மஞ்சள் இருக்கிறது. இன்றைய விலை குவிண்டால் ரூ.10,000, இப்போதே விற்றால் ஒரு லட்சம் ரூபாய். நாலு மாதம் பொறுத்தால் விலை ஏறும் என்று சொல்கிறார்கள். விற்றிருந்தால் அடைத்திருக்கக்கூடிய கடனுக்கு மாதம் ஒரு சதவிகித வட்டி வீதம் ரூ.4,000 ஆகும். கிடங்கு வாடகை, ஏற்று இறக்குக் கூலி ரூ.800. காய்ந்து எடை குறைவது 100 கிலோவுக்கு 2 கிலோ. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், குவிண்டாலுக்கு ஏறக்குறைய ரூ.700 ஏறினால்தான் காத்திருந்த மஞ்சள் முதலுக்கு நிற்கும். அதற்கு மேல் ஏறுவதுதான் லாபம். ரூ.500 ஏறியதைப் பார்த்து மகிழ்ந்து விற்றவர் உண்மையில் நஷ்டப்பட்டவர்.

எம்.பி.ஏ. படிப்பின் சாரம் இப்படிப்பட்ட கணக்குகளே. இவற்றுக்குப் பட்டம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். ஆனால் ஆயிரம் விவசாயிகளின் விளைச்சலை ஒன்றாகச் சேர்த்து, தரம் பிரித்து, பாங்கில் கடன் வாங்கி, வெளியூர் வியாபாரியோடு ஒப்பந்தம் செய்ய வேண்டுமானால் பயிற்சி பெற்ற ஆள் தேவை. இந்தப் படிப்பால் விவசாயத்துக்கு உள்ள பயன் அங்கேதான் தொடங்குகிறது.

விவசாயம் சார்ந்த படிப்பு எங்கே?

ஆமதாபாத் தவிர லக்னோ ஐ.ஐ.எம்.மிலும் வேளாண் வணிகப் படிப்பு உண்டு. ஐதராபாத்தில் ‘மேனேஜ்’ என்று அழைக்கப்படும் தேசிய வேளாண் விரிவாக்க நிர்வாக நிறுவனம் 1987-ம் ஆண்டு அமைக்கப்பட்டது. அங்கு 1996 முதல் வேளாண் வணிகத்தில் முதுகலைப் பட்டயப் படிப்பு நடக்கிறது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் வேளாண் வணிகத்தில் எம்.பி.ஏ. படிப்பு இருக்கிறது.

குஜராத்தில் ஆனந்த் நகரில் உள்ள ஊரக நிர்வாக நிறுவனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘இர்மா’ என்பது அதன் சுருக்கப் பெயர். பால்காரர்களின் கூட்டுறவான அமுல் வளர்ந்த ஊர் ஆனந்த். 1946-ல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் பிறந்தது. 1949-ல் வந்து சேர்ந்த வர்கீஸ் குரியன் அதைப் பெரிதாக்கினார். சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி எஞ்சினியரிங் கல்லூரியிலும் படித்தவர் அவர். நாடு முழுவதும் பால் சங்கங்கள் வளர்ந்தபோது அவற்றை நடத்தத் தகுதியான நிர்வாகிகள் வேண்டியிருந்தது. பெரிய நிர்வாகக் கழகங்களில் படித்தவர்கள் பெரிய கம்பெனிகளுக்கே போனார்கள். விவசாயிகளின் ஸ்தாபனங்களுக்கென்றே ஆட்களைத் தயார் செய்ய வேண்டும் என்று 1979-ல் குரியன் இர்மாவைத் தொடங்கினார். அங்கே மாணவர்கள் வகுப்போடு நின்றுவிட முடியாது. பல வாரங்கள் கிராமத்தில் தங்கி, குடும்பங்களின் வரவு செலவு, நிலம், தண்ணீர், கடன் ஆகியவற்றை நேரில் அறிந்துகொள்ள வேண்டும். 2025-ம் ஆண்டு பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி இர்மா, திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக ஆக்கப்பட்டது.

சேருவதற்கு நுழைவுத் தேர்வு

ஐ.ஐ.எம்.களில் சேர ‘கேட்’ என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வழக்கமாக ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பர் மாதக் கடைசியில் நடக்கும். பட்டப்படிப்பில் 50 சதவிகித மதிப்பெண் வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் ஊனமுற்றோருக்கும் 45 சதவிகிதம் போதும். ஆங்கில வாசிப்பு, புள்ளிவிவரங்களைப் புரிந்துகொள்ளுதல், கணிதம் ஆகிய மூன்று பகுதிகள் கொண்டது. மற்றப் பல கல்லூரிகளும் இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கின்றன. தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. சேர்வதற்கு அண்ணா பல்கலைக்கழகம் ‘டான்செட்’ தேர்வை நடத்துகிறது. அதில் எடுக்கும் மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு மூலம் இடம் ஒதுக்கப்படுகிறது.

கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்த பிள்ளைக்குக் கணிதப் பகுதி பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. ஆங்கில வாசிப்பும், எல்லார் முன்னிலும் எழுந்து பேசுவதும்தான் சிரமம். இவற்றைக் கடைசி மூன்று மாதத்தில் சரி செய்ய முடியாது. பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே தினமும் ஆங்கிலப் பத்திரிகை படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் நல்லது. முதல் தேர்வில் நல்ல இடம் கிடைக்காவிட்டால், அதிகப் பணம் கொடுத்து ஏதோ ஒரு கல்லூரியில் சேர்வதைவிட, ஒரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு மறுபடி எழுதலாம். வேலை பார்த்த அனுபவத்தைப் பல கல்லூரிகள் ஒரு தகுதியாகவே கருதுகின்றன.

கட்டணமும் கடனும்

கட்டணத்தில் கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. ஆமதாபாத் போன்ற இடங்களில் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 25 லட்ச ரூபாய் அல்லது அதற்கு மேலும் ஆகும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே கட்டண உதவியும் உண்டு. அரசுப் பல்கலைக்கழகத் துறைகளில் கட்டணம் இதில் ஒரு சிறு பகுதியே. தனியார் கல்லூரிகள் இவற்றுக்கு இடையில் பல விதமாக இருக்கின்றன. கட்டணத்தோடு விடுதிச் சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து, மடிக் கணினி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு செலவு ரசீதில் வராது. பிள்ளை இரண்டு ஆண்டு வேலைக்குப் போயிருந்தால் சம்பாதித்திருக்கும் பணமும் செலவுதான். நெல் கணக்கில் குடும்ப உழைப்பைச் சேர்த்ததுபோல இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கல்விக் கடன் வாங்கினால் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். 8 லட்ச ரூபாய்க் கடன், வட்டி 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 4 லட்சம், இரண்டாம் ஆண்டு 4 லட்சம் என்று பாங்கு கொடுக்கிறது. முதல் 4 லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி ரூ.1,20,000. அடுத்த 4 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி ரூ.80,000. முதல் தவணை கட்டுவதற்கு முன்பே 8 லட்சம் 10 லட்சமாகிவிடுகிறது. பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதம் ரூ.13,200 கட்ட வேண்டும். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 15 லட்சத்து 86 ஆயிரம் ரூபாய்.

இந்த வட்டியைக் குறைக்க வழி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்ச ரூபாய்க்குள் இருந்து, தகுதியுள்ள கல்லூரியில் தொழிற்படிப்பில் சேர்ந்தால், 10 லட்ச ரூபாய் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரையுள்ள வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உள்ளது. மேலே சொன்ன கணக்கில் இந்தச் சலுகை கிடைத்தால் கடன் 8 லட்சமாகவே நிற்கும்; மாதத் தவணை ரூ.10,600-க்குள் அடங்கும். 2024 நவம்பரில் மத்திய அரசு பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான கல்லூரிகளில் இடம் பெற்றவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கொடுப்பது அதன் நோக்கம். 8 லட்ச ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, வேறு அரசுச் சலுகை பெறாதிருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவிகித வட்டிச் சலுகை உண்டு. சேரப்போகும் கல்லூரி இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. கலந்தாய்வு சமயத்தில் அதற்காக அலைந்து இடத்தையே தவற விடுபவர்கள் உண்டு.

கடன் தொகை பெரிதானால் பாங்கு ஈடு கேட்கும். விவசாய நிலத்தைக் கல்விக் கடனுக்கு ஈடாக ஏற்கப் பல பாங்குகள் தயங்குகின்றன. கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றப் பாங்குகளுக்கு உரிமை தரும் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பது இதற்கு ஒரு காரணம். வீடு, மனை, டெபாசிட் ஆகியவற்றையே கேட்பார்கள். நிலம் மட்டுமே உள்ள குடும்பம் விற்பனைக்குத் தள்ளப்படுவது இந்த இடத்தில்தான். பயிர்க் கடனை எடுத்துக் கல்லூரிக்குக் கட்டுவதும் சில இடங்களில் நடக்கிறது. அது கூடாது. அடுத்த போகத்துக்கு உரம் வாங்கப் பணம் இராது. கெடுவுக்குள் கட்டாவிட்டால் வட்டிச் சலுகையும் போய்விடும்.

கல்லூரியில் கேட்க வேண்டியவை

கல்லூரியைத் தேடிப் போகும் பெற்றோர்கள் கட்டடத்தையும் குளிர்சாதன அறையையும் பார்த்து மயங்கிவிடக் கூடாது. பின்வருவனவற்றை நேரடியாகக் கேட்க வேண்டும்.

1. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரமோ, முறையான பல்கலைக்கழகத்தின் இணைப்போ இருக்கிறதா? தபால் வழிப் படிப்பானால் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா?

2. கொடுப்பது பட்டமா, பட்டயமா? அங்கீகாரம் பெற்ற பட்டயம் மட்டமானது அல்ல. 2017-ம் ஆண்டுச் சட்டம் வரும் வரை ஐ.ஐ.எம்.களே பட்டயம்தான் கொடுத்து வந்தன. ஆனால் அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக நினைப்பவர்கள் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

3. சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்த வேலை?

4. சராசரிச் சம்பளம் என்று சொல்வார்கள். அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. பத்துப் பேரில் ஒருவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், மற்ற ஒன்பது பேருக்குத் தலைக்கு 4 லட்சம் கிடைத்தால் சராசரி 7 லட்சத்து 60 ஆயிரம். ஆனால் அந்தச் சம்பளம் பத்துப் பேரில் ஒருவருக்கும் இல்லை. சம்பளங்களை வரிசையாக எழுதினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்க வேண்டும். இங்கே விடை 4 லட்சம்.

5. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

படித்தவர் ஊருக்குத் திரும்ப முடியுமா?

விதை, உரம், டிராக்டர் கம்பெனிகள், உணவுப் பதன ஆலைகள், பாங்குகள், பால் ஒன்றியங்கள் ஆகியவற்றில் இப்படிப்பு முடித்தவர்களுக்கு வேலை உண்டு. அண்மைக் காலத்தில் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் சேர்ந்திருக்கின்றன. நாட்டில் பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை 2020-ம் ஆண்டு மத்திய அரசு தொடங்கியது. சமவெளியில் 300 விவசாயிகளாவது சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கலாம். நிர்வாகச் செலவுக்கு ஓர் அமைப்புக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்ச ரூபாய் வரை உதவி தர வகை செய்யப்பட்டது. தலைமை நிர்வாகியின் சம்பளத்துக்கு மாதம் ரூ.25,000 வரை அதில் இடம் உண்டு.

கடன் கணக்கை இந்த 25,000 ரூபாயோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் குறைந்த கட்டணத்தில் படித்து, ஒன்றரை லட்ச ரூபாய் மட்டும் கடன் வாங்கிய பிள்ளைக்கு, வட்டி சேர்ந்தபின் ஐந்து ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ ரூ.4,000. அவன் ஊர்ப் பக்கத்து உழவர் கம்பெனியில் சேர்ந்து, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, கடனைக் கட்ட முடியும். 8 லட்சம் வாங்கியவனுக்குத் தவணை ரூ.13,200, சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். 25 லட்சம் வாங்கியவனுக்கு மூன்று ஆண்டு வட்டி சேர்ந்து கடன் 31 லட்சத்தைத் தாண்டும். பதினைந்து ஆண்டுத் தவணை என்றாலும் மாதம் ரூ.33,500-க்கு மேல் கட்ட வேண்டும். அவன் விரும்பினாலும் ஊருக்குத் திரும்ப முடியாது. பம்பாய்க்கோ பெங்களூருக்கோ போய்ப் பெரிய கம்பெனியில்தான் சேர வேண்டும்.

அப்படிப் போவது தவறல்ல. முதல் தரமான கழகத்தில் இடம் கிடைத்து, அதற்கேற்ற சம்பளமும் கிடைத்தால் கடன் சுமையாகத் தெரியாது. ஆனால் அதைத் தெரிந்தே செய்ய வேண்டும். ‘படித்துவிட்டு வந்து நம் ஊர் விவசாயத்தையே பெரிதாக நடத்துவான்’ என்று சொல்லிக்கொண்டு 25 லட்சம் கடன் வாங்குவது கணக்குக்கு ஒத்து வராது. படித்த பிள்ளை வயல் பக்கம் வருவானா மாட்டானா என்பதை அவன் மனசைவிட அவன் வாங்கிய கடனே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

நிலத்தை விற்றால் கடனே இல்லையே என்று கேட்கலாம். மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும். அந்த நிலம் பெற்றோரின் வயதான காலத்துச் சோறு. அதில் மற்றப் பிள்ளைகளின் உரிமையும் கலந்திருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டம் வந்துவிட்டது. ஒருவன் படிப்புக்காக மற்றவர் பங்கைக் கரைப்பது பின்னால் கோர்ட்டு வாசலுக்குக் கொண்டுபோய் விடும். மூன்றாவதாக, வேளாண் வணிகம் படித்தவன் திரும்பி வந்து தொடங்கும் தொழிலுக்கு அந்த நிலமே முதலாக இருக்கும். அதை விற்றுவிட்டால் அவன் எதற்குத் திரும்பி வருவான்?

வேறு வழிகளும் உண்டு

விவசாயப் பட்டமோ பட்டயமோ ஏற்கெனவே கையில் இருந்தால், எம்.பி.ஏ. படிக்காமலே தொழில் தொடங்க வழியிருக்கிறது. வேளாண் மருத்துவ மையம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டத்தை மத்திய அரசு 2002-ல் தொடங்கியது. இதில் இலவசமாகப் பயிற்சி கொடுத்து, பாங்குக் கடனுக்கும் ஏற்பாடு செய்கிறார்கள். திட்டச் செலவில் 36 சதவிகிதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 44 சதவிகிதமும் மானியம் என்பது இதன் விதி. மண் பரிசோதனை, நாற்றங்கால், கருவி வாடகை, விதை உற்பத்தி போன்ற தொழில்களைத் தொடங்கலாம். மகளைப் படிக்க வைத்துள்ள குடும்பங்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. படிப்பில் சேரலாம். செலவு மிகக் குறைவு, சம்பளமும் நிற்காது. பெரிய கம்பெனிகள் வளாகத்துக்கு வந்து ஆள் எடுக்கும் வசதி இதில் இல்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்திலோ உழவர் கம்பெனியிலோ ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

முடிவு எடுக்கும் முன் குடும்பத்தார் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் நாலு எண்களை எழுத வேண்டும்: மொத்தச் செலவு எவ்வளவு, தவணை தொடங்கும்போது கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, அந்தக் கல்லூரியில் நடுவில் நிற்கும் மாணவன் வாங்கும் சம்பளம் எவ்வளவு. தவணை, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் துணிந்து சேர்க்கலாம். அடங்காவிட்டால் கட்டணம் குறைந்த கல்லூரியைத் தேட வேண்டும், அல்லது ஒரு ஆண்டு பொறுக்க வேண்டும். தாளில் எழுதும் வேலையைப் பிள்ளையிடமே விடுவது நல்லது. நிர்வாகப் படிப்பில் அவனோ அவளோ போடப்போகும் முதல் கணக்கு அதுவாகவே இருக்கட்டும்.